பள்ளிக் கம்பியூட்டரைப் பிறந்த மேனிக்குத் திருப்பிய கதை

கல்முனையிலிருந்து தெற்கே இந்தக் கரையோரம் முழுக்க, பாட்டுப் பெட்டியோ போனோ கம்பியூட்டரோ எது இடக்குப் பண்ணினாலும் ஒரு காலத்தில் என் கடைக்குத்தான் வரவேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சவூதியில் ஒரு மின்சாமான் கடைக்குத் தரை துடைக்கப் போனேன். துடைக்கும்போது, பின்னறையில் இருந்து திருத்துகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருசம் துடைத்தேன், ஆறு வருசமும் பார்த்தேன். ஊருக்கு வந்து ஒரு கண்ணாடி அலுமாரியும் ஒரு மேசையும் போட்டுக் கடை திறந்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

என் தொழிலின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். எந்தச் சாமானுக்கும் தான் பிறந்த நாள் ஞாபகம் இருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைமைக்கே அதைத் திருப்பிவிட்டால், இடையில் மனிசன் கை வைத்துச் செய்த கோளாறு எல்லாம் போய்விடும். இதற்குப் 'பிறந்த மேனிக்குத் திருப்புறது' என்று பெயர் வைத்ததும் நான்தான். முதலில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மறுகா அவர்களே வந்து, என்னை அண்ணன் முறை வைத்து, "காக்கா, இந்தக் குர்ஆன் பெட்டி சீனத்துல கதைக்குது, பிறந்த மேனிக்குத் திருப்பித் தாங்க" என்று கூச்சமில்லாமல் கேட்கத் தொடங்கினார்கள்.

எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. கடை நடத்திய இத்தனை வருசத்தில் இதை ஒருவருக்கும் காட்டிக்கொண்டதில்லை. நான் வரிகளை எண்ணுவேன். இந்த வகைப் பெட்டிக்கு மேலிருந்து ஆறாவது வரி, அதற்குள் போனால் கடைசி வரி, மறுகா இடது பக்கத்துக் கட்டம். அந்த வகைக்கு இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்திக்கொண்டு பத்து எண்ண வேண்டும். திரை என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் 'ஓம், சரி' சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரியும். படித்தவன் வாசித்து முடிப்பதற்குள் நான் அமத்தி முடித்துவிடுவேன்.

ஒருமுறை பாலமுனையிலிருந்து ஒரு தோணிக்காரர் சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கடலில் வலைக்காகக் காத்திருக்கும்போது கேட்கிற பெட்டி. ஒரே பாட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி அமத்திப் பார்த்தார்.

"இதுக்குள்ள கிடந்த பாட்டெல்லாம் எங்க காக்கா?"

"பிறந்த புள்ளைக்குப் பாட்டுத் தெரியுமா, மச்சான்?" என்றேன்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததால் அது பிழை இல்லை என்று ஆகிவிட்டது. இப்படி எத்தனையோ பேருடைய எத்தனையோ சாமானை அழித்திருக்கிறேன். அதில் எதை வைத்திருந்தார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

இன்னொரு பெருமையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினை அதிலிருந்துதான் வந்தது. என் கை மணிக்கூடு ஏழு நிமிஷம் முந்தி ஓடும். நானே அப்படி வைத்தது. கடை திறப்பதானாலும் பஸ் பிடிப்பதானாலும் நான் முந்திக்கொள்ள வேண்டும். "ஊருக்கு முன்னால ஏழு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டு திரிவேன். ஒருவர் நேரம் கேட்டால் மனதுக்குள் ஏழைக் கழித்துச் சொல்வேன். முப்பது வருசமாகக் கழித்துக் கழித்து, கழிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

சில வருசத்துக்கு முந்தின நோன்பு மாதத்தில் நடந்தது இது.

நாங்கள் இருக்கிற மகல்லாவின் பள்ளிவாசலில் ஒரு கம்பியூட்டர் இருந்தது. அலுவலக அறையில் இருக்கும் அதிலிருந்து ஒரு வயர் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்பள்ளிக்குப் போய், அங்கே மாட்டியிருக்கும் டிவித் திரையில் அன்றைய தொழுகை நேரங்களையும் ஓடுகிற நேரத்தையும் காட்டும். திரை வந்த அன்றே பழைய சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டார்கள். மோதினார் அந்தத் திரையைப் பார்த்துத்தான், தொழ வரச் சொல்லிப் பாங்கு சொல்வார். நோன்பு மாதத்தில் அந்தியில் அவர் பாங்கு சொன்னால்தான் மகல்லா முழுக்க நோன்பு துறக்க ஈத்தம்பழத்தை வாயில் வைக்கும்.

அந்த மோதினார் இறக்காமத்து ஆள். மெலிந்த மனிசன், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒத்திக்கு எடுத்துச் செய்த வயலை இரண்டு போகம் அடுத்தடுத்து யானை மிதித்த பிறகு, பெண்சாதியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, பள்ளிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வந்து இருந்தார். குரல் அவருக்கு அல்லாஹ் கொடுத்தது. அந்தக் குரலையும் அந்த வேலையையும் தவிர அவருக்கு வேறு பிடிமானம் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

ஒரு நாள் காலையில் பள்ளித் தலைவர் போன் எடுத்தார்.

"ஹாஜியார், திரையில நேரம் நிண்டு நிண்டு போகுது. ஒருக்கா வந்து பாருங்க."

பகல் லுஹர் தொழுதுவிட்டு அறைக்குள் போனேன். தலைவரும் மோதினாரும் கூட வந்தார்கள். மோதினார் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"வயர்தான் காக்கா எண்டு நினைக்கன். பின்னால தட்டினா மறுகா ஓடுது."

"இது என்ன மோதினார், மாடா, தட்டினா ஓடுறதுக்கு?"

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மோதினாரும் சிரிக்க வேண்டியதுதானே என்று சிரித்தார்.

"இல்ல காக்கா, இதுக்குள்ள நேரமெல்லாம் சரியாப் போட்டு வச்சிரிக்கு. நோன்பு நாள். அழிச்சிப் போட்டா சிக்கல் வருமோ எண்டுதான்..."

"நீங்க பாங்கச் சொல்லுங்க. மெசின என்னட்ட விடுங்க. பிறந்த மேனிக்குத் திருப்பி, இண்டைக்குக் கடையில வாங்கின மாதிரித் தாறன்."

தொழுகை நேரசூசியைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி வைத்தேன். அந்த அளவு புத்தி எனக்கு இருந்தது. மறுகா வரிகளை எண்ணி எண்ணி அமத்தினேன். மெசின் தன்னைத் தானே அழித்து, தன்னைத் தானே மறுபடி எழுதி முடிக்கப் பின்னேரத்து அசர் தொழுகையும் முடிந்துவிட்டது. நேரசூசியைத் திரும்ப உள்ளே போட்டேன். வயரைக் கொளுவினேன்.

திரை ஒரு நிமிஷம் ஓடியது, நின்றது. முன்னர் எப்படி நின்றதோ அப்படியே.

நான் மெசினின் பின்பக்கம் குனிந்து, வயரின் தலையை விரலால் உள்ளே தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம். திரை ஓடத் தொடங்கியது. மறுகா நிற்கவேயில்லை.

அந்த மனிசன் சொன்னது சரி. அழிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன், அறையில் ஒருவருமில்லை. மோதினார் கை கால் கழுவுகிற ஹவுழடியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். வயரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

இனி நேரம் போட வேண்டும். பள்ளிக் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் கிடையாது. வேண்டாம் என்று பள்ளி நிர்வாக சபை முடிவெடுத்திருந்தது. உள்ளே இருக்கிற சின்னப் பற்றரியும் செத்துக் கிடந்ததால், பிறந்த மேனிக்குப் போன மெசின் தான் பிறந்த வருசத்தையே காட்டிக்கொண்டு நின்றது. நாளைத் திருத்தினேன். நேரத்தைத் திருத்துவதற்குக் கையைத் தூக்கி மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒருவர் வாயால் கேட்டிருந்தால் கழித்துச் சொல்லியிருப்பேன். மெசின் வாயால் கேட்கவில்லை. கையிலிருந்த இலக்கத்தைப் பார்த்து அந்த இலக்கத்தை அப்படியே போட்டேன்.

அந்தியில் என் வேலையை நானே பார்த்து ரசிக்க வேண்டும் என்று நேரத்தோடே பள்ளிக்குப் போனேன். வெளி விறாந்தையில் வரிசையாகக் கஞ்சிக் கோப்பை வைத்துச் சனம் இருந்தது. உள்ளே மோதினாரும் நானும்தான். அவருடைய போன் அறையில் சார்ச்சில் கிடந்தது, அதிலும் நேரம் சரியாக நிற்காது. திரை பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. நோன்பு துறக்கிற மஃரிபு நேரம் ஆறு பதிமூன்று. ஓடுகிற நேரமும் ஆறு பதிமூன்றுக்கு வந்தது.

மோதினார் மைக்குக்கு முன்னால் நின்றார். ஆனால் சொல்லவில்லை. ஜன்னலால் மேற்கே பார்த்தார். அன்றைக்குக் கொஞ்சம் மூட்டம்.

"காக்கா, வெளிச்சம் இன்னும் கிடக்கு போல."

"திரையப் பாருங்க மோதினார். வானத்த என்னத்துக்குப் பாக்கிறீங்க?"

"மத்தப் பள்ளி ஒண்டுலயும் இன்னும் பாங்கு கேக்கல்லயே."

"அவங்கட மெசின் பிந்தி ஓடுது. நம்மட மெசின் இண்டைக்குத்தான் பிறந்திரிக்கு. சொல்லுங்க சுறுக்கா, சனம் பசியோட கிடக்கு."

இன்னும் ஒரு முறை மேற்கே பார்த்தார். மறுகா என்னைப் பார்த்தார். கையைக் காதில் வைத்துப் பாங்கு சொன்னார்.

நான் விறாந்தைக்கு வந்து ஈத்தம்பழம் எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். கஞ்சி நல்ல கஞ்சி, இறைச்சி போட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, திரை எப்பிடி ஓடுது?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருக்கும்போது கடற்கரைப் பக்கப் பள்ளியில் பாங்கு கேட்டது. அதைத் தொடர்ந்து சந்தைப் பக்கம். மறுகா வடக்கே. நாலு பக்கத்தாலும் பாங்கு வந்து எங்கட விறாந்தையில் விழுந்தது.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சனம் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. ஒருவர் வாயிலிருந்ததைத் துப்பினார். துப்பி என்ன செய்ய.

"யா அல்லாஹ், இது என்ன பாங்கு?"

"என்ட போன்ல இப்பத்தான் ஆறு பதிமூண்டு!"

"அப்ப நாம குடிச்சது?"

"எங்க மோதினார்? ஆரு அவர இந்த அவசரத்துல பாங்கு சொல்லச் சொன்ன?"

மதிலுக்கு அப்பால் வீடுகளிலிருந்து பெண்களின் சத்தமும் கேட்கத் தொடங்கியது. நான் என் கையைப் பார்த்தேன். ஆறு இருபது. அப்போதுதான் கழித்தேன்.

இதற்குப் பிறகு செய்ததுதான் நான் வெட்கப்படுகிற காரியம். முன்னால் செய்ததெல்லாம் அறியாமை, பெருமை. அவற்றோடு மனிசன் வாழலாம். எல்லாரும் மோதினாரைத் தேடி உள்ளே திரும்ப, நான் பக்கத்து வாசலால் அலுவலக அறைக்குள் போனேன். கதவை உள்ளுக்குள்ளால் பூட்டினேன். மெசினில் நேரத்தை ஏழு நிமிஷம் பின்னுக்குத் தள்ளினேன். என் கை எந்த வரி, எந்தக் கட்டம் என்று தேடாமல், நன்றாகத் தொழில் தெரிந்த கையாக அழகாக வேலை செய்தது.

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். தலைவர் நின்றார், பின்னால் மோதினாரும் பத்துப் பேரும்.

"நான் மெசினப் பாக்க வந்தன்" என்றேன்.

தலைவர் தன் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம்.

"மெசின் சரியாத்தானே இரிக்கு ஹாஜியார்?"

"மெசின் சரிதான்."

தலைவர் மோதினார் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க எதப் பாத்துப் பாங்கு சொன்னீங்க?"

"திரையப் பாத்துத்தான் சொன்னன்" என்றார் மோதினார். மறுகா, "காக்காவும் பக்கத்துலதான் நிண்டார்" என்றார்.

எல்லாருடைய முகமும் என் பக்கம் வந்தது. நோன்பு மாதம். பள்ளிவாசலுக்குள் நிற்கிறேன். வாயில் இன்னும் ஈத்தம்பழத்தின் இனிப்பு.

"நான் திரையக் கவனிக்கல்ல. கஞ்சி எடுக்கப் போயிட்டன்."

மோதினார் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தலை குனிந்துகொண்டார். கூட்டத்தில் ஒருவர், "கண்ணாடி போடுங்க மோதினார், ஆறு ஆறக் கண்டா ஆறு பதிமூண்டு எண்டு தெரியுது" என்றார். அந்தக் கோபத்துக்குள்ளும் சிலர் சிரித்தார்கள்.

மௌலவி விளக்கம் சொன்னார்: தெரியாமல் துறந்தவர்களுக்குக் குற்றமில்லை, ஆனால் அந்த நோன்பு நோன்பாகாது, பெருநாள் கழிந்து எல்லாரும் அதற்கு ஈடாக ஒரு நோன்பு களாப் பிடிக்க வேண்டும். ஒரு மகல்லா முழுக்க. பிள்ளைத்தாய்ச்சிகள், சீனி வருத்தக்காரர்கள், வாகனம் ஓட்டுகிறவர்கள், எல்லாரும் பட்டினி கிடந்த ஒரு பகல் ஏழு நிமிஷத்தில் போய்விட்டது. அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டுமே. சந்தைக்குள் அவருக்கு 'அவசர மோதினார்' என்று பெயர் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் பெண்சாதி வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்க, உங்கட மணிக்கூட்ட ஒருக்காக் காட்டுங்க பாப்பம்."

"என்னத்துக்கு?"

"ஏழு நிமிஷம் முந்தி எண்டு முப்பது வருசமா எங்கள வெரட்டின மணிக்கூடுதானே. ஊரும் இண்டைக்கு ஏழு நிமிஷம் முந்தித்தான் துறந்திரிக்கு."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் மறுகா மெதுவாக, "அந்த மனிசனுக்கு ரெண்டு பொம்புளப் புள்ள" என்றாள்.

"பெருநாள் கழியட்டும். சொல்லுறன்."

பெருநாள் கழிந்தது. சபை கூடி மோதினாரைப் போகச் சொன்னது. சபைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அவர் ஒரு பையோடு என் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்ற காலையில், விழாத ஆணி ஒன்றைத் தேடுகிறவன் மாதிரி மேசைக்குக் கீழே குனிந்தேன். பஸ் போகிற சத்தம் கேட்கும் வரை நிமிரவில்லை. அந்த வாரம் என் பெண்சாதி களா நோன்பு பிடித்தாள். பகலில் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, "நீங்க தின்னுங்க. நான் உங்கட நோன்பப் பிடிக்கன்" என்றாள். நான் என்னுடையதை மறுவாரம் பிடித்தேன். பிடித்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். அல்லாஹ்வுக்கும் எனக்கும் இடையில் அது தீர்ந்திருக்கலாம்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் இறக்காமத்துக்குப் போனேன். வயலோரம் மோதினார், யானை வராமலிருக்கக் கட்டியிருந்த கயிற்றில் வெறும் தகரப் பேணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார். ஆடினால் சத்தம் போடுவதற்கு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க காக்கா. இந்த வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க."

வரப்பில் குந்தியிருந்து எல்லாம் சொன்னேன். மணிக்கூடு, வயர், கதவு, பொய், எல்லாம். அவர் பேணியில் ஓட்டை போடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் காக்கா. சனம் வந்து என்னச் சுத்தி நிண்டு ஏசக்குள்ள நான் திரையத்தான் பாத்துக்கிட்டு நிண்டன். ஆறு இருவத்திரண்டுல நிண்ட நேரம் ஆறு பதினஞ்சுக்குப் போச்சு."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஆரு நம்புற? நீங்க மெசின் சரியெண்டீங்க. மெசினும் சரியெண்டுதான் காட்டிச்சி."

"என்ன மன்னிச்சிடுங்க மோதினார்."

"அதுக்கென்ன, மன்னிக்கன். ஆனா தெரிஞ்ச ஆளுட்ட வந்து சொல்லி என்ன புண்ணியம் காக்கா? ரெண்டு பள்ளியில வேலைக்குப் போய்க் கேட்டன். 'அவசர மோதினாரா?' எண்டு சிரிச்சிப் போட்டு அனுப்பிட்டாங்க. தெரியாத ஆக்களுட்டப் போய்ச் சொல்லுங்க."

அன்று பின்னேரமே தலைவரிடம் போய்ச் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை. மணிக்கூட்டுப் பிழையை மட்டும் சொன்னேன். அவர் கையை விரித்தார்.

"விடுங்க ஹாஜியார், முடிஞ்ச கதை. புது மோதினாரும் வந்திட்டார். உங்கட பேரையும் கெடுத்து, பள்ளிட பேரையும் ஏன் கெடுப்பான்?"

நான் விடவில்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கினேன். இறக்காமத்துக்கும் சொல்லியனுப்பினேன். அவர் வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

ஒரே வசனத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்றுதான் எழும்பினேன். வாயைத் திறந்தால், "இந்த ஊருக்கு முதல் முதலில் கம்பியூட்டர் திருத்த வந்தவன் நான்" என்று வருகிறது. சவூதிக் கதை வருகிறது. ஒருவழியாகச் சுற்றி வந்து, நேரம் போட்டவன் நான், என் மணிக்கூடு முந்தி ஓடுவதை மறந்துபோனேன், பிழை என்னில்தான், மோதினாரில் இல்லை என்று சொன்னேன்.

சனம் என்னைச் சூழ்ந்துகொண்டது. கையைப் பிடித்தார்கள், கட்டிப் பிடித்தார்கள்.

"இந்தக் காலத்துல ஆரு ஹாஜியார் இப்பிடி நாலு பேருக்கு முன்னால ஒத்துக்குவான்?"

"ஆம்புள எண்டா இதுதான் ஆம்புள."

மெய்யைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குற்றம் சொல்லப் போன இடத்தில் எனக்குப் பேர் கூடியது. அந்தக் கூட்டத்தில் மோதினாரிடமும் இரண்டு பேர் போய், "குறை நினைக்காதீங்க. ஆனா நீங்களும் வானத்த ஒருக்காப் பாத்திரிக்கலாம்தானே" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கேட்டுக்கொண்டு, அடுத்தவருக்கு ஸலாம் கொடுக்கத் திரும்பினேன்.

வாசலில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போனேன். என்னவோ நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துத்தான் போனேன்.

"நான் வெளிச்சம் கிடக்கு எண்டு சொன்னத விட்டுட்டீங்க, காக்கா" என்றார். கோபமில்லாத குரல். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "கதவப் பூட்டினதையும்" என்றார். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் தலைவரிடம் மறுபடியும் மைக் கேட்டேன். "ஒரு தரம் சொன்னது காணும் ஹாஜியார். நல்ல பேரோட நில்லுங்க" என்றார். நானும் நின்றுவிட்டேன். ஒரு வருசம், இரண்டு வருசம் நல்ல பேரோடு நின்றேன். மோதினாருக்கு அவருடைய ஊர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஆனால் சந்தைக்குள் கதை வந்தால் இன்றைக்கும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ஹாஜியார்ட மணிக்கூடும் பிழை, மோதினார்ட கண்ணும் பிழை" என்கிறார்கள். பிழையில் அவருக்கும் பாதி கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதி, நான் சொல்லாமல் விட்ட பாதி.

அவருடைய கண்ணில் பிழை இல்லை. இரண்டு தரம் சொன்னார், வெளிச்சம் கிடக்கு என்று ஒரு தரம், மற்றப் பள்ளிகளில் கேட்கவில்லை என்று இன்னொரு தரம். வயர்தான் பிழை என்று பகலிலேயே சொன்னார், அதுவும் சரி. நான் அவரை நெருக்கிப் பாங்கு சொல்ல வைத்தேன். பூட்டிய அறைக்குள் நேரத்தைத் திருப்பி வைத்தேன். கேட்டவர்களிடம் கஞ்சி எடுக்கப் போனேன் என்று பொய் சொன்னேன்.

இதை எழுதி முடித்துப் பெண்சாதியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் பத்தாம் வகுப்பு. கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தாள்.

"பெருமையெல்லாம் முன்னால போட்டு, குத்தத்தக் கொண்டுபோய்ப் பின்னால வச்சிரிக்கீங்க" என்றாள்.

"மாத்தி எழுதவா?"

"வேணாம். உங்கள அறிஞ்ச ஆக்களுக்கு அப்பதான் நீங்கதான் எழுதின எண்டு விளங்கும். ஆனா சந்திக் கடையில போட்டோக் கொப்பி எடுத்து, பள்ளிப் பலகையில ஒட்டுங்க. நான் ஒட்ட மாட்டன். நீங்க ஒட்டுங்க."

வியாழக்கிழமை அசருக்குப் பிறகு, ஆட்கள் பார்க்கிற நேரத்தில், ஒட்டினேன். தலைவர் அதை மஃரிபுக்கு முன்னரே கிழித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் இன்னொன்று ஒட்டினேன். கொப்பி இன்னும் இருக்கிறது.